போத்தனூர் கோவையின் புறநகரா, கோவை போத்தனூரின் கிளையா?

புதுசா_குடிவந்தவன்:

வணக்கம் மக்களே. போத்தனூர் பக்கம் வீடு மாற்றி வந்திருக்கிறேன். வாடகை கட்டுப்படி ஆகிறது, அதுதான் காரணம், ஊர் மேல் பாசம் எல்லாம் இல்லை. ஆனால் வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோவை ஜங்ஷன் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு எதற்கு இவ்வளவு அகலமான யார்டு, எதற்கு நாலு பக்கமும் தண்டவாளம், எதற்குத் தெருத்தெருவாக ரயில்வே குவார்ட்டர்ஸ்? அதில் நிறைய வீடு பூட்டிக் கிடக்கிறது, ஓட்டின் மேல் இலை விழுந்து மக்கிப் போயிருக்கிறது, மரங்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. ஆபீஸில் போத்தனூர் என்று சொன்னால் "அய்யோ, குப்பைக்கிடங்கு பக்கமா" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஊருக்கு என்னதான் கதை? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நூல்மில்_வீதி:

பெரிய கதை எதுவும் இல்லைங்க. சிட்டிக்குள் இடம் இல்லை, அதனால் யார்டு, ஷெட்டு எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே தள்ளினார்கள். எல்லாப் பெரிய ஊருக்கும் இப்படி ஒரு பின்கட்டு இருக்கும்.

நொய்யல்கரை:

அண்ணா, நீங்கள் சொல்வது அப்படியே தலைகீழ். கோவைக்காக யார்டைத் தள்ளிப் போடவில்லை, போத்தனூரிலிருந்து கோவைக்குக் கிளை போட்டார்கள். வருஷத்தோடு சொல்கிறேன், நீங்களே பாருங்க.

தெற்கே முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும். நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அவர்களின் குறி சென்னைத் துறைமுகத்தையும் மேற்குக் கடற்கரையையும் ஒரே தடத்தில் சேர்ப்பது. அதனால் இந்தப் பக்கமிருந்து ஒரு வேலை நடக்கும்போதே அந்தப் பக்கம் பேப்பூர் அருகிலிருந்தும் வேலை தொடங்கி, 1861ல் திரூர் வரைக்கும் வண்டி ஓடிவிட்டது. 1862ல் பட்டாம்பி பக்கமிருந்து வந்த தடமும் சங்ககிரி பக்கமிருந்து வந்த தடமும் போத்தனூரில் சேர்ந்தன. அதாவது வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சேர்த்த முதல் தென்னிந்தியப் பாதை போத்தனூர் வழியாகத்தான் போனது. கோயம்புத்தூர் அதில் இல்லவே இல்லை.

கோவைக்கு ரயில் வந்தது 1873ல். அதுவும் கோவைக்காக என்று சொல்ல முடியாது, மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட கிளைப்பாதை, வழியில் கோவை. நீலகிரி மேலே வெள்ளைக்காரனின் கோடை வாசம், வெலிங்டனில் பட்டாளம், காப்பி, தேயிலை, இதெல்லாம் மலையடிவாரம் வரைக்காவது ரயிலைக் கேட்டது. ஊட்டிக்குப் போகிற துரைகள் போத்தனூரில் வண்டி மாறுவார்கள். கோவை அவர்களுக்கு ஜன்னலில் வந்து போகிற ஒரு ஸ்டேஷன். மலை ரயிலே பின்னால்தான், குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908.

இப்போது இருகூர், பீளமேடு வழியாகக் கோவைக்குள் நுழைந்து போத்தனூருக்கு வெளியே வருகிறோமே, அந்த வளைவுப் பாதை எல்லாம் வெகு காலம் கழித்துப் போட்டது. அது வரைக்கும் சென்னை மெயில் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர். கோவைக்காரர் சென்னைக்குப் போக வேண்டுமானால் முதலில் போத்தனூர் வந்தாக வேண்டும்.

நூல்மில்_வீதி:

வருஷம் எல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேற மாதிரி சொல்வார்கள். ரயில் கோவைக்குள் வரத்தான் இருந்ததாம், இங்கே இருந்த பண்ணாடிகளும் (நிலக்காரர்கள்) வியாபாரிகளும் சேர்ந்து, ரயில் வந்தால் மாடு மிரளும், கண்டவன் எல்லாம் வருவான், பிளேக் வரும் என்று தடுத்துவிட்டார்களாம். அதனால்தான் போத்தனூருக்குப் போனது.

நொய்யல்கரை:

இந்தக் கதையை ரயில் தள்ளிப் போன எல்லா ஊரிலும் சொல்வார்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். முதல் விஷயம், அந்தப் பிளேக் பம்பாய்க்கு வந்ததே 1896ல். 1860லேயே பிளேக்குக்குப் பயந்து ரயிலைத் தடுத்த ஊர்க்காரர்கள் ஜோசியம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மேப்பை எடுத்துப் பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில் குகை வெட்டாமல், பெரிய ஏற்றம் இல்லாமல் கடக்க ஒரே வழி பாலக்காட்டுக் கணவாய். அங்கிருந்து வாளையார், மதுக்கரை வந்து, திருப்பூர், ஈரோடு என்று வடகிழக்கே போக வேண்டிய பாதைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் போத்தனூர், இருகூர் மேல் விழும். கோவை வடக்கே ஒதுங்கி இருக்கிறது. அன்றைக்கு அந்த ஊருக்காகத் தடத்தை வளைக்கக் கம்பெனிக்கு என்ன தலையெழுத்து? முதல் நூற்பு ஆலையே 1888ல்தான் வந்தது. பைக்காரா மின்சாரம் முப்பதுகளில் வந்த பிறகுதான் வரிசையாக மில்கள், மோட்டார் பம்பு, நாம் இன்று பெருமை பேசுகிற கோவை எல்லாம். ரயில் தடம் போட்டபோது அது மாவட்டத் தலைநகர், ஒரு பெரிய சந்தை ஊர், அவ்வளவுதான்.

அக்கா வீட்டுத் திண்ணையில் வளர்ந்த தம்பி பெரிய ஆளாகி அக்காவை அவுட்ஹவுஸில் வைத்த மாதிரிதான் போத்தனூர் நிலைமை.

நூல்மில்_வீதி:

பிளேக் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன் 😀 சரி, மாடு மிரண்டதாவது நிஜமாக இருக்கட்டும்.

கீமேன்_பேரன்:

பேரைப் பார்த்தாலே தெரியும், எங்கள் தாத்தா இங்கே கீமேன். அந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிந்ததும் தோளில் சுத்தியல், ஸ்பானர், கையில் சுருட்டிய சிவப்பு பச்சைக் கொடி, பையில் டெட்டனேட்டர், இத்தனையையும் தூக்கிக்கொண்டு தன் பீட் முழுக்க நடக்க வேண்டும். டெட்டனேட்டர் என்றால் பயப்பட வேண்டாம், தண்டவாளத்தில் கட்டி வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து, மூடுபனியில் கூட டிரைவருக்கு "முன்னால் ஆபத்து" என்று சொல்கிற வேட்டு. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார், திரும்பும்போது மற்றதை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற சாவிகளைத் தட்டிக்கொண்டே போவார், தளர்ந்த சாவி வேற சத்தம் கொடுக்கும், அங்கே நின்று நாலு அடி அடித்து இறுக்கிவிட்டு அடுத்தது. வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தாலும் அது வெண்கலமா அலுமினியமா, விளிம்பு நெளிந்ததா இல்லையா என்று பார்க்காமலே சொல்வார். பாட்டிக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

நீராவி காலத்துப் போத்தனூரின் இன்னொரு ஆள் 'கால் பாய்', டியூட்டிக்குக் கூப்பிட வருகிற பையன். டிரைவர், பயர்மேன் வீடுகளுக்கு ராத்திரி விளக்கோடும் ஒரு நோட்டோடும் வந்து கதவைத் தட்டி, இன்ன வண்டிக்கு டியூட்டி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். ஒரு தெருவில் ஒரு வீட்டைத் தட்டினால் நாலு வீட்டு நாய் குரைக்கும், எட்டு வீட்டில் விளக்கு எரியும், யாருக்கு அழைப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். லோகோ ஷெட் பக்கத்துக் குடும்பங்களுக்கு வெள்ளை வேட்டி என்பதே கிடையாது, கொடியில் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கரித்தூள் படிந்திருக்கும். கடிகாரமும் யாரிடமும் அதிகம் இல்லை. மேட்டுப்பாளையம் வண்டி போயாச்சா, பொள்ளாச்சி வண்டி வந்தாச்சா, அதை வைத்துத்தான் உலை வைப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது எல்லாம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. குவார்ட்டர்ஸ் போட்ட விதத்தைப் பார்த்தாலே தெரியும். ஆபீசர் பங்களாவுக்குத் தோட்டம், டிரைவர் கார்டு வீடுகளுக்கு வராந்தா, கேங்மேன் லைனுக்கு ஒரே அறை, தண்ணீருக்குப் பொதுக் குழாய். மெயில் டிரைவர், கார்டு வேலையில் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்கள், ஊர் பாஷையில் சட்டைக்காரர்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்கிற கிளப்பில் மரத்தரை போட்டு டான்ஸ், பில்லியர்ட்ஸ், கிறிஸ்துமஸுக்குப் பெரிய கொண்டாட்டம். எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அது வெளியிலிருந்து கேட்கிற பாட்டு மட்டும்தான். சுதந்திரம் வந்த பிறகு அவர்களில் நிறைய குடும்பங்கள் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று கப்பல் ஏறிவிட்டன. போகாதவர்கள் இங்கேயே இருந்து, எங்களோடு சேர்ந்தே ரிட்டயர் ஆனார்கள். அவர்கள் வீட்டு கேக்கும் எங்கள் வீட்டு அதிரசமும் சுவர் தாண்டிப் போய் வந்தது பின்னால்தான், அப்பா காலத்தில்.

இன்னொன்று, இங்கே ஒரே தெருவில் தமிழ், மலையாளம், தெலுங்கு, இங்கிலீஷ் நாலும் கேட்கும். திட்டுவதற்கு மட்டும் எல்லாரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

புதுசா_குடிவந்தவன்:

அருமைங்க. அந்தப் பூட்டின வீடுகளைத் தாண்டிப் போகும்போது இனி வேற மாதிரிதான் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய ஊர் எப்படி இப்படி அடங்கிப் போனது?

நொய்யல்கரை:

ஒரே அடியில் இல்லை, தவணை தவணையாகப் பிடுங்கினார்கள். முதல் தவணை 1928.

அதற்கு முன்னால் ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். 1908ல் மெட்ராஸ் ரயில்வேயைக் கலைத்து, ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரைக்குமான பாதையைத் திருச்சியில் தலைமையகம் வைத்திருந்த சவுத் இந்தியன் ரயில்வேயிடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு மற்றபடி பெரும்பாலும் மீட்டர்கேஜ், அகலம் குறைந்த தடம். அகலப்பாதை வேலைகளுக்குப் போத்தனூரில் ஒரு பணிமனை, மீட்டர்கேஜுக்கு நாகப்பட்டினத்தில் ஒன்று. பிறகு கம்பெனி இரண்டையும் திருச்சி பொன்மலையில் புதிதாகக் கட்டிய ஒரே பணிமனைக்குள் கொண்டுபோக முடிவு செய்தது. அதோடு மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் குறைக்கப் போவதாகவும் சொன்னது. போத்தனூர், நாகை, பொன்மலை மூன்று இடத்திலும் வேலையை நிறுத்தினார்கள், பணிமனைகளைக் கம்பெனி பூட்டியது, ஜூலையில் லைன் முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. மாதக் கடைசியில் அடக்கிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலருக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்து, அப்பீலில் பதினெட்டு மாதமாகக் குறைந்தது இந்த வேலைநிறுத்த வழக்கில்தான். அவர் பெயர் நிறைய பேருக்குத் தெரியும், அந்தக் கதையில் போத்தனூர் இருக்கிறது என்பது கோவைக்காரர்களுக்கே தெரியாது.

ஒலவக்கோடு_ஆள்:

அடுத்த தவணை எங்களுக்கு வந்தது என்று சொல்லப் போகிறீர்கள், அதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன் 🙂 பாலக்காட்டுத் தமிழன், அப்பா டிவிஷன் ஆபீஸ் குமாஸ்தா.

ஆமாம், ரயில்வே டிவிஷன் ஆபீஸ் முதலில் போத்தனூரில்தான் இருந்தது, 1956ல் ஒலவக்கோட்டுக்கு, அதாவது இன்றைய பாலக்காடு ஜங்ஷன் இருக்கிற இடத்துக்கு மாறியது. இதைக் கேட்டால் போத்தனூர்க்காரர்கள் "கேரளா கொண்டுபோய்விட்டது" என்பார்கள். கொஞ்சம் பொறுங்க. அந்த வருஷம் நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. ரயில்வே கணக்கில் ஒரே மாகாணத்துக்குள் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ஆபீஸ் மாற்றியதுதான். மாநில எல்லை அதற்குப் பிறகு குறுக்கே விழுந்தது.

2007 நவம்பர் 1ல் சேலம் டிவிஷன் உருவானபோது எங்களிடமிருந்து பெரும்பகுதித் தடத்தைப் பிரித்துக்கொண்டு போனார்களே, போத்தனூர், கோவை, ஈரோடு எல்லாம் போனதே, அப்போது இந்தப் பக்கம் எவ்வளவு கொந்தளிப்பு தெரியுமா? ஐம்பத்தோரு வருஷம் கழித்து வட்டியோடு வாங்கிக்கொண்டீர்கள்.

நொய்யல்கரை:

வாங்கினது சேலம்ங்க. போத்தனூருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. முன்னால் உங்கள் ஊர் அதிகாரியிடம் மனு கொடுத்தோம், இப்போது சேலம் அதிகாரியிடம் கொடுக்கிறோம்.

சாம்பல்குழி:

போத்தனூர் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருகிறதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

1921 நவம்பர். மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளைத் திரூரிலிருந்து பெல்லாரி சிறைக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள், சில இந்துக்களும் உண்டு. நூறு பேரை மூடிய சரக்கு வேகன் ஒன்றுக்குள் ஏற்றி, வெளியிலிருந்து பூட்டி, கோழிக்கோட்டிலிருந்து சென்னை போகிற பாசஞ்சர் வண்டியில் கோத்துவிட்டார்கள். காற்றுக்கு இருந்த கம்பிவலையின் ஓட்டைகள் பெயிண்ட்டும் தூசியும் அடைத்துக் கிடந்தன. உள்ளே தண்ணீர் கேட்டுக் கத்துகிறார்கள், மூச்சு முட்டி அடித்துக்கொள்கிறார்கள். ஷொரனூரில் வண்டி நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது, கதவைத் திறக்கவில்லை. 20ஆம் தேதி பிறந்த நள்ளிரவில் போத்தனூரில் திறந்தபோது உள்ளே கிடந்தவர்களில் பாதிக்கும் மேல் பிணம். மிச்சமிருந்தவர்களைக் கோவைக்குக் கொண்டுபோனார்கள், அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. மொத்தம் எழுபது பேர் என்பது கணக்கு. உடல்களை அதே தடத்தில் திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணைக் கமிட்டி போட்டார்கள், அதில் அந்தக் கம்பிவலையைப் பற்றி விவரமாக எழுதினார்கள். ஜெயிலுக்குப் போனவர் யாரும் இல்லை.

கேரளத்தில் "வேகன் டிராஜடி" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், திரூரில் நகர மண்டபமே அந்த நினைவாக இருக்கிறது. கதவு திறந்த ஊர் நம்முடையது. இங்கே பிளாட்பாரத்தில் நிற்கிற பத்துப் பேரைக் கேளுங்க, ஒன்பது பேர் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள்.

கீமேன்_பேரன்:

எங்கள் வீட்டில் ஒரே ஒரு வரி மட்டும் சொல்வார்கள், "அந்தக் காலத்தில் ஒரு வேகன் நிறையப் பிணம் வந்ததாம்" என்று. யார், எதற்கு என்று கேட்டால் தெரியாது. கல்லூரிக்குப் போன பிறகு ஒரு மலையாளி நண்பன் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது.

நூல்மில்_வீதி:

எனக்கும் இப்போதுதான் தெரியும். கோவையில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் 1942 'வெள்ளையனே வெளியேறு' பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை.

சாம்பல்குழி:

1942லும் போத்தனூர் உண்டு. ஆகஸ்டில் போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவில் ராணுவத் தளவாடம் ஏற்றி வந்த சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள். அதே மாதக் கடைசியில் சூலூர் விமானதளத்துக்குத் தீ. அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டார கிராமங்களில் போலீஸ் அடித்த அடியைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். தடம் இருந்தால் பட்டாளமும் அதில்தான் வரும், அதைக் கவிழ்க்கிறவனும் அங்கேதான் வருவான்.

டோக்கன்_பந்து:

வரலாறு கனமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் கொஞ்சம் தொழில் பேசுகிறேன். எல்லாம் போய்விட்டது என்று சொல்கிறீர்கள், சிக்னல் தொலைத்தொடர்புப் பணிமனை இன்னும் இருக்கிறதே. ரிலே, பாயின்ட் மெஷின் மாதிரியான சிக்னல் சாமான் செய்கிற இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சுவர், ஒரு கேட், வேறொன்றும் தெரியாது. தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த விளக்கு எரிவது என்று தீர்மானிக்கிற பெட்டிகள் இந்தச் சுவருக்குள்ளிருந்து போகின்றன.

என் பேருக்குக் காரணமும் அதுதான். ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வராமல் இருக்க அன்றைக்கு என்ன வழி? அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு பெரிய இரும்புக் கருவி, இரண்டையும் கம்பியால் இணைத்திருப்பார்கள். உள்ளே உலோகப் பந்துகள். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் ஒரு பந்து வெளியே வரும். அது வெளியே இருக்கும் வரைக்கும் இரண்டு கருவியிலும் வேறு பந்து வராது. அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து, பிளாட்பாரத்தில் ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்டேஷனில் நிற்காத வண்டி என்றால் பயர்மேன் ஓடுகிற வண்டியிலிருந்து பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதுசைக் கையில் வாங்க வேண்டும். தவறினால் வண்டி நிற்க வேண்டியதுதான், கால் தவறினால் ஆள் போய்விடுவார். பொள்ளாச்சிப் பாதைக்காரர்களைக் கேட்டால் முன்கையில் அந்த வளையம் பட்ட தழும்பைக் காட்டுவார்கள்.

புதுசா_குடிவந்தவன்:

பொள்ளாச்சிப் பாதை எப்போது வந்தது?

டோக்கன்_பந்து:

1915, மீட்டர்கேஜ். பின்னால் பொள்ளாச்சியிலிருந்து பழனி, திண்டுக்கல் வரைக்கும் இணைந்தது. அதனால் ஒரே யார்டில் அகலப்பாதை, மீட்டர்கேஜ் இரண்டும். சரக்கு ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வேகன் மாற முடியாது, மூட்டை மூட்டையாக ஆள் தலையில் மாற வேண்டும். அந்தக் கூலியிலேயே பிழைத்த குடும்பங்கள் இங்கே நிறைய.

கோவையிலிருந்து ராமேஸ்வரம் வண்டி இந்த வழியாகத்தான் போனது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகிற கூட்டமும் இதில்தான். பிறகு அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று மூடினார்கள், வருஷக்கணக்காக ஜல்லியும் முள்செடியும்தான் கிடந்தது, 2017ல் திரும்ப ஓடியது. அந்த இடைவெளியில் பஸ்ஸுக்குப் பழகினவர்கள் பஸ்ஸிலேயே நின்றுவிட்டார்கள். பழைய ராமேஸ்வரம் வண்டி இன்னும் அந்த வழியில் திரும்பவில்லை என்ற புலம்பலை எல்லா ரயில் பயணிகள் கூட்டத்திலும் கேட்கலாம்.

நொய்யல்கரை:

நீராவி போய் டீசல் வந்தபோது ஷெட்டுக்கு வேலை குறைந்தது, தொண்ணூறுகளில் மின்கம்பி வந்தபோது இன்னும் குறைந்தது. கரி அள்ள, சாம்பல் தள்ள, பாய்லர் கழுவ, தண்ணீர் பிடிக்க என்று ஒரு நீராவி இன்ஜினுக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இவர்களின் பேர்களைப் பார்த்தாலே தெரியும், சாம்பல்குழி, கீமேன், டோக்கன். மின்சார இன்ஜினுக்குப் போத்தனூரில் நின்று மூச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

நூல்மில்_வீதி:

சரி, பழசு எல்லாம் பேசியாச்சு. நான் இன்றைய விஷயம் கேட்கிறேன். கேரளாவிலிருந்து வரும் நிறைய எக்ஸ்பிரஸ் வண்டிகள் கோவைக்குள் வராமல் போத்தனூர், இருகூர் நேர்வழியில் போய்க்கொண்டிருந்தன. அதை எதிர்த்துக் கோவையில் எத்தனை போராட்டம், எத்தனை மனு. பல வண்டிகளைக் கோவை வழியாகத் திருப்பியும் விட்டார்கள். போத்தனூர்க்காரர்களுக்கு அதில் வருத்தமா?

கீமேன்_பேரன்:

வருத்தம் இல்லைங்க, ஆனால் வேடிக்கைதான். 1862ல் போட்ட நேர்க்கோட்டை "பைபாஸ்" என்று பேப்பரில் எழுதினார்கள். எது மெயின் லைன், எது சுற்றுவழி என்பது யார் ஊரில் எம்.பி. ஆபீஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் போகிறது போல.

அதற்கு மேல் இப்போது கோவை ஜங்ஷனில் பிளாட்பாரம் போதவில்லை, இரண்டு பக்கமும் கடையும் ரோடும் நெருக்குகிறது, விரிக்க இடமே இல்லை. உடனே எல்லார் கண்ணும் போத்தனூர் மேல். இரண்டாவது டெர்மினல் ஆக்கு என்கிறார்கள், ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிற அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் சேர்த்துப் புதுக் கட்டடம் என்கிறார்கள். நல்லதுதான், வரட்டும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் போத்தனூரில் இறங்குகிறவன் காந்திபுரம் போக என்ன செய்வான்? ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு ஈரோடே போய்விடலாம். முதலில் டவுன் பஸ்ஸை ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுவாங்க, பிறகு டெர்மினல் பேசலாம்.

சாம்பல்குழி:

புதுக் கட்டடம் கட்டும்போது இந்தப் பழைய கல்கட்டடம், ஓட்டுச் சாய்ப்பு, இரும்புத் தூண் எல்லாவற்றையும் இடித்துக் கண்ணாடி ஒட்டுவார்களே, அதுதான் என் பயம். ஏதாவது ஒரு சுவரை விட்டுவைத்து அதில் 1921ஐ எழுதி வைத்தால் போதும்.

நூல்மில்_வீதி:

அதற்கு மனு போடுவதென்றால் என் கையெழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்க.

ஒலவக்கோடு_ஆள்:

என்னுடையதும். இன்னொன்றும் ரயில்வேக்காரர்கள் கவனிக்க வேண்டும், மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவில் காட்டுக்குள் போகிற தடம். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ஒரே ராத்திரி மூன்று யானை அடிபட்டது. அதற்குப் பிறகு கேமரா கோபுரம் வைத்தார்கள், யானை கடக்கச் சுரங்கப்பாதை வெட்டினார்கள். போத்தனூரைப் பெரிசாக்கி வண்டியைக் கூட்டும்போது அந்தக் கணக்கும் சேர வேண்டும்.

புதுசா_குடிவந்தவன்:

எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், எங்கே ஆரம்பிப்பது?

டோக்கன்_பந்து:

நடைமேம்பாலத்தின் மேல் ஏறிக்கொள்ளுங்க. பாலக்காடு, கோவை, இருகூர், பொள்ளாச்சி, நாலு தடமும் பிரிகிற விதம் அங்கிருந்து பிடிபட்டுவிடும். குவார்ட்டர்ஸ் பக்கம் போனால் பூட்டின வீட்டுக்குள் நுழைய வேண்டாம், பாம்பு இருக்கும், ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) இருக்கும். பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க மறக்காதீங்க.

ஒலவக்கோடு_ஆள்:

மேலே நின்று பாலக்காட்டுத் தடத்தைப் பார்த்து ஒரு கை காட்டுங்க. டிவிஷனைத் திருப்பிக் கேட்டு மட்டும் கூப்பிடாதீங்க, எங்களிடமே பாதிதான் மிச்சம் இருக்கிறது.